பொட்டு அழியாத லேத்

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பல்கலைக்கழக இயந்திரவியல் துறையின் ஆய்வகங்களும் பயிற்சி வசதிகளும்’ என்று அழைப்பிதழில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் துருப்பிடித்த தலைப்புதான். எண்ணெய் விட்டுத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரிக்கு ஆய்வுக் குழுவில் ஒருவனாகப் போயிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். பொங்கல் முடிந்த மறுவாரம். மெஷின் ஷாப்பில் பன்னிரண்டு லேத்துகள் வரிசையாக நின்றன. பெயின்ட் பளபளத்தது. தரையில் கோலம் போடலாம், அவ்வளவு சுத்தம். “எல்லாம் ஓடுகிற கண்டிஷன் சார்” என்றார் துறைத் தலைவர். நான் மூன்றாவது லேத்தின் பக்கம் போய் நின்றேன். அதன் சக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. விரலால் தொட்டேன், காய்ந்த ஏடாக உதிர்ந்தது.

லேத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லேத் என்பது கடைசல் இயந்திரம். அதில் இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற பகுதிதான் சக். நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்று ஓடவிட்டு, கூலன்ட் தண்ணீரும் மேலே பட்டால், சந்தனப் பொட்டு ஒரு நிமிடம்கூடத் தங்காது. அந்தப் பொட்டு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இருந்தது. பன்னிரண்டு சக்கிலும் இருந்தது.

எங்கள் கையில் ஒரு படிவம் இருந்தது. எத்தனை லேத்? பன்னிரண்டு. என்ன விலை? ரசீது இருக்கிறது. எவ்வளவு இடம்? அளந்தாயிற்று. ஓடியதா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எல்லாக் கட்டத்திலும் ‘டிக்’ போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். நானும்தான் போனேன். அந்த வெட்கத்தில் பாதியை இன்று இங்கே இறக்கி வைக்க வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஆய்வகத்தின் மதிப்பு இயந்திரத்தின் விலையில் இல்லை. அதன்மேல் எத்தனை கைகள் பட்டன, அந்தக் கைகள் தவறு செய்ய எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

பட்டறை பழையது. கொல்லனின் உலை எப்போது மூண்டது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. ஆனால் பாடம் நடத்துவதற்கென்றே ஒரு பட்டறை என்பது புதுசு. சுமார் நூற்றைம்பது வயதுதான். அதற்கு முன்னால், மேஸ்திரியின் பக்கத்தில் ஏழெட்டு வருஷம் நின்றால் தொழில் தானாக வரும் என்பதுதான் நடைமுறை. மாஸ்கோவில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியை நடத்திய டெல்லா வோஸ் என்பவர் 1868 வாக்கில் இதை மாற்றினார். தச்சு, கொல்வேலை, கடைசல் என்று ஒவ்வொரு தொழிலையும் எடுத்துப் பிரித்து, இதில் முதலில் வருகிற கைவேலை எது, இரண்டாவது எது என்று படி கட்டினார். அரம் பிடிப்பது ஒரு பாடம், இழைப்பது ஒரு பாடம். அந்தப் படிகளை 1876-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வைத்தார்கள். அந்நாட்டு எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ஜான் ரங்கிள் அதைப் பார்த்துவிட்டு, நமக்கும் இது வேண்டும் என்று முடிவு கட்டினார். நம் முதலாண்டு மாணவன் இன்று ஃபிட்டிங், கார்பென்டரி, ஷீட் மெட்டல், வெல்டிங் என்று வரிசையாகச் சுற்றி வருகிறானே, அந்த வரிசையில் மாஸ்கோவின் சாயல் இருக்கிறது.

இது கைக்கான பாதை. கண்ணுக்கான பாதை மான்செஸ்டரில் திறந்தது. அங்கே பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் படுக்கவைத்த கண்ணாடிக் குழாய், குழாயின் வாயில் மெல்லிய நூலாகச் சாயம். தண்ணீர் மெதுவாகப் போனால் சாயம் பட்டுநூல் மாதிரி நேராகப் போகும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நூல் நடுங்கும், சுருளும், கலைந்து குழாய் முழுக்க நிறம் பரவும். அமைதியான ஓட்டம் எப்போது கொந்தளிப்பாகிறது என்பதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்றைச் சொல்கிறோமே, அது இந்தச் சாயநூலிலிருந்து வந்தது.

அந்தக் கருவி மான்செஸ்டரில் இன்னும் இருக்கிறது. மிகக் கவனமாகச் செய்தபோது ரெனால்ட்ஸுக்கு அந்த எண் 13,000 ஆகும் வரை ஓட்டம் அமைதியாக இருந்தது. பிற்காலத்தில் அதே கருவியில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்த எண் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே சாயம் கலைந்தது. காரணம் என்ன தெரியுமா? வெளியே தெருவில் ஓடும் வண்டிகள். அவர் காலத்தில் இல்லாத மோட்டார் போக்குவரத்தின் அதிர்வு தரை வழியாகத் தொட்டிக்குள் வந்து சாயநூலைக் கலைத்தது. பாடப்புத்தகத்தில் தெரு கிடையாது. ஆய்வகத்துக்குள் தெருவும் வந்துவிடுகிறது.

மூன்றாவது ஊர் லண்டன். டேவிட் கர்கால்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர், இரும்பை இழுத்தும் நசுக்கியும் முறுக்கியும் பார்க்கும் சோதனைக்கூடம் ஒன்றை 1874-இல் சதர்க் வீதி 99-ஆம் எண் கட்டடத்தில் திறந்தார். அவருடைய இயந்திரம் 47 அடி நீளத்துக்கும் மேல், எடை 116 டன். 1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தபோது, அதன் இரும்புத் துண்டுகள் சோதனைக்கு வந்தது அவரிடம்தான். கட்டடத்தின் வாசலுக்கு மேலே, இங்கே கருத்துக்கு இடமில்லை, உண்மைக்கே இடம் என்ற பொருளில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு கல்லூரி ஆய்வக வாசலிலும் அதை எழுதி வைக்கலாம். எழுதிவிட்டு உள்ளே போய் என்ன செய்கிறோம் என்பது வேறு விஷயம். அதற்கும் வருகிறேன்.

நம் ஊர்க் கதை சின்னதல்ல. சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. 1859-இல் சிவில் பொறியியல் கல்லூரி ஆனது, 1894-இல் இயந்திரவியல் வந்தது, 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. சங்கிலி பிடித்து நிலத்தை அளந்த கையிலிருந்து தொடங்கிய கல்லூரி அது.

கோவைக் கதை இன்னும் சுவையானது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது 1926-இல். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது 1951-இல். அதாவது முதலில் பட்டறை, இருபத்தைந்து வருஷம் கழித்துக் கல்லூரி. மோட்டாரும் பம்பும் லேத்தும் செய்து விற்கிற இடத்தின் பக்கத்திலேயே வகுப்பறை. தமிழ்நாட்டுக் கல்லூரிப் பட்டறைகளில் பி.எஸ்.ஜி. லேத் என்றால் அறியாதவர் இல்லை. படிப்பும் தொழிற்கூட வேலையும் மாறி மாறி வரும் சான்ட்விச் படிப்பும் அங்கே நடந்தது. காலையில் தெர்மோடைனமிக்ஸ் படித்த பையன் மதியம் உண்மையான ஆர்டருக்கு உண்மையான பாகம் கடைவான். அளவு தப்பினால் மார்க் குறையாது, சரக்கு திரும்பி வரும். அந்தப் பயம் தருகிற படிப்பு வேறு.

சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்களோடு பட்டறை ஃபோர்மேன்களும் வந்தார்கள். அறிவைக் கொண்டுவர ஒருவர், கைப்பழக்கத்தைக் கொண்டுவர ஒருவர். இருவரையும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதத் தெரிந்திருந்தது.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், அங்கே பாடத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பற்றித் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். அவை இனிப் பறக்காத விமானங்கள். ஆனாலும் பக்கத்தில் போகலாம், பார்க்கலாம், உட்காரலாம். ஆய்வகம் தர வேண்டிய முதல் வசதி அதுதான்.

இனி உங்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறேன்.

முதல் அறை, ஃபிட்டிங் ஷாப். எனக்குப் பதினேழு வயது. கையில் ஆறு மில்லிமீட்டர் தடிமனில் ஓர் இரும்புத் தகடு. அதை ஐம்பதுக்கு ஐம்பது சதுரமாக அரத்தால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். எங்கள் பட்டறை ஆசிரியர் கொங்கு நாட்டுக்காரர். பேரன் வயதுப் பையனையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

“தம்பி, அரம் போகும்போதுதான் வெட்டுமுங்க. வரும்போது சும்மா வரட்டும். ரெண்டு பக்கமும் அழுத்துனா பல்லுதான் மழுங்கும்.”

ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூலைமட்டத்தைத் தகட்டின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

“வெளிச்சம் தெரியுதுங்களா?”

“கொஞ்சமாத் தெரியுதுங்க சார்.”

“கொஞ்சமாத் தெரிஞ்சாலும் தெரியுதுன்னுதாங்க கணக்கு. போய்த் தேய்ங்க.”

மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை வெளிச்சம் வரவில்லை. அன்று என் உள்ளங்கையில் கொப்புளம். அந்த நூலிழை வெளிச்சத்தோடு வாதாட முடியாது, அதனிடம் சிபாரிசும் செல்லாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பிறகு படித்த எத்தனையோ சமன்பாடுகள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

அதே ஆண்டு மெஷின் ஷாப்பில் ஒரு தவறும் செய்தேன். சக்கை இறுக்குகிற சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். சாவி பறந்து காதோரமாகப் போய் எதிர்ச் சுவரில் காரையைப் பெயர்த்தது. ஆசிரியர் ஓடி வந்தார். கத்தவில்லை. சாவியை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்து, “சாயங்காலம் வரைக்கும் கையிலயே வெச்சிருங்க” என்றார். மதியம் சாப்பாட்டு வரிசையில் ஒரு கையில் தட்டு, மறு கையில் சக் சாவி. எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிறகு சாவி கையில் வராமல் என் விரல் சுவிட்சுக்குப் போனதே இல்லை. சுவரில் ஒட்டிய பாதுகாப்பு விதிகளை நான் படித்ததாக ஞாபகமில்லை.

இரண்டாவது அறை, யூ.டி.எம். நிற்கிற இடம். இரும்பை இழுத்துப் பார்க்கும் இயந்திரம். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி ஒன்றை மேலும் கீழும் கவ்வி, எண்ணெய் அழுத்தத்தால் இழுக்கிறோம். முள் சீராக ஏறும். முப்பது கிலோ நியூட்டனை ஒட்டி எங்கோ ஓரிடத்தில் முள் தயங்கும். கம்பி விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது. உற்றுப் பார்த்தால் கம்பியின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்வது தெரியும். பிறகு மறுபடி முள் ஏறும். உச்சத்துக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும். அப்போது கம்பியின் இடையில் ஒரு கழுத்து விழும். கண்ணெதிரே மெலியும். பட்டாசு மாதிரி ஒரு சத்தம், அறையே துள்ளும். உடனே போய் முறிந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். ஒரு முனை கிண்ணம் போலவும் மறுமுனை கூம்பு போலவும் இருக்கும். வார்ப்பிரும்பு இப்படி நமக்கு அவகாசம் தராது. கழுத்தும் விழாது, முன்னறிவிப்பும் கிடையாது. தட்டையாகப் படீரென்று முறியும். பாலத்துக்கு எதை, மெஷினின் அடிப்பீடத்துக்கு எதை என்று ஒரு பிற்பகலில் கைக்குப் புரிந்துவிடுகிறது.

மூன்றாவது, தெர்மல் லேப். ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின். நம் ஊர்க் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்த அதே ஐந்து குதிரைச் சக்தி ஜாதி. அதன் சக்கரத்தில் கயிறு சுற்றி, எடை தொங்கவிட்டு, இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கிறோம். டீசல் எவ்வளவு குடித்தது, குளிர்விக்கும் தண்ணீர் எவ்வளவு சூடானது, புகை எவ்வளவு சூட்டை எடுத்துக்கொண்டு போனது என்று வரவுசெலவு எழுதினால் ஒரு செய்தி கிடைக்கும். நூறு ரூபாய்க்கு டீசல் ஊற்றினால் முப்பது ரூபாயை ஒட்டித்தான் வேலையாக வெளியே வருகிறது. மீதி தண்ணீரோடும் புகையோடும் போகிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் பலகையில் எழுதிக் காட்டினால் பையன் தலையாட்டுவான். புகைக்குழாய்ப் பக்கம் நின்று வேர்த்தபிறகு நம்புவான்.

நான்காவது அறை சின்னது, ஏ.சி. போட்டது. அளவியல் ஆய்வகம். அங்கே மரப்பெட்டியில் கண்ணாடி போல மின்னும் எஃகுக் கட்டைகள் இருக்கும். ஸ்லிப் கேஜ் என்பார்கள். ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன் என்பவர் 1896-இல் யோசித்தது. வீட்டில் மனைவியின் தையல் மெஷினைச் சாணை பிடிக்கும் மெஷினாக மாற்றித்தான் முதல் கட்டைகளைத் தேய்த்தாராம். இரண்டு கட்டைகளைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, லேசாக அழுத்தித் திருப்பினால் ஒட்டிக்கொள்ளும். பசையும் இல்லை, காந்தமும் இல்லை. ஒன்றைத் தூக்கினால் மற்றது தொங்கும். அவ்வளவு சமதளம்.

ஒரு வேடிக்கை செய்யச் சொல்லுவேன். நூறு மில்லிமீட்டர் கட்டையை அளந்து எழுதிக்கொள், பிறகு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்துவிட்டு மறுபடி அள. ஐந்து டிகிரி சூடு ஏறினால் எஃகு ஆறு மைக்ரான் அளவுக்கு வளர்ந்துவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே. உலகம் முழுதும் நீள அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நம் பட்டறையில் அளந்தால் இரும்பு வேறு கணக்குச் சொல்லும். ‘என் கைச்சூட்டில் இரும்பு வளர்கிறதா சார்!’ என்று ஒரு மாணவி கேட்டபோது அவள் முகத்தில் இருந்ததை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது.

சரி, இவ்வளவு நல்ல அறைகள் இருக்கின்றனவே, பிறகு என்ன குறை?

குறையின் பெயர் ரெக்கார்டு நோட்டு. இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாம் பொறியியல் படித்தவர்கள் என்று தெரிகிறது. சீனியரின் நோட்டு ஜூனியருக்கு, ஜூனியரின் நோட்டு அடுத்தவருக்கு. சீதனம் மாதிரி தலைமுறை தலைமுறையாக வரும். சோதனை செய்வதற்கு முந்தின இரவே விடை தயாராக இருக்கும்.

நான் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஆரிஃபீஸ் மீட்டர் சோதனை. குழாயில் ஓட்டை போட்ட ஒரு தகட்டின் வழியே தண்ணீரை விட்டு, கணக்குப்படி வரவேண்டியது எவ்வளவு, உண்மையில் வந்தது எவ்வளவு என்று பார்ப்பது. விகிதம் 0.62-ஐ ஒட்டி வரும். முப்பது நோட்டு வந்தது. இருபத்தொன்பதில் 0.62. ஒன்றில் மட்டும் 0.57-இல் தொடங்கி 0.50-க்கு இறங்கியிருந்தது. அடித்து அடித்து எழுதிய நோட்டு. அந்தப் பெண் கண்கலங்கி நின்றாள். “மறுபடியும் செய்து பார்த்தேன் சார், இதுதான் வருது.”

நான் மார்க்கைக் குறைக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்போது அவள் சொன்னாள்: “சார், தண்ணி வேகமா விட்டா தப்பு கொஞ்சமா இருக்கு. மெதுவா விட்டா தப்பு அதிகமாகுது.”

பேனாவை வைத்துவிட்டேன். இது கவனக்குறைவால் வந்த தப்பில்லை. எங்கோ ஒரே அளவு தண்ணீர் சதா காணாமல் போகிறது. ஓட்டம் பெரிதாக இருக்கும்போது அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது, சிறிதாகும்போது பெரிதாகத் தெரியும். இருவரும் போய்ப் பார்த்தோம். அளக்கும் தொட்டியின் அடியில் வடிகால் வால்வு. மூடித்தான் இருந்தது. குழாய் கீழே இருட்டில் சம்ப்புக்குள் போகிறது; வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அவள் கையை உள்ளே விட்டு, “ஓடுது சார்” என்றாள். வாஷர் தேய்ந்து போயிருந்தது. எத்தனை மாதமாகவோ.

யோசித்துப் பாருங்கள். அந்த வாஷர் தேய்ந்த நாளிலிருந்து அந்த லேபில் யாருக்கும் 0.62 வந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எல்லார் நோட்டிலும் 0.62 இருந்தது. கையெழுத்துப் போட்டது ஆசிரியர்கள். அன்றைக்கு அந்தத் துறையில் ஒரே ஒரு இன்ஜினியர்தான் இருந்தாள், அவளுக்கு மார்க் குறைக்கப் போனேன். இருபத்தொன்பது பேரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சரியான விடைக்குத்தான் மார்க் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தானே.

இந்த மனப்பாங்கு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வகுப்பறையில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகத்தில் வாரம் ஒரு மணி நேரம் நின்றால் அரை கிரெடிட். தயாரிப்பு வேலை குறைவு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பதினெட்டு வயதுப் பையன் காரணத்தைப் படிப்பதில்லை, கணக்கைப் படிக்கிறான். தலைக்கு ஒன்று, கைக்கு அரை. கையால் உழைப்பவரை ஒரு படி கீழே வைத்துப் பழகிய சமூகத்தில் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். முப்பது மாணவர்கள், ஒரே யூ.டி.எம்., இரண்டரை மணி நேரம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் ஆறு குழு. ஒரு குழுவுக்கு ஒரு கம்பிதான் முறிக்க நேரம். அந்த ஐவரில் ஒருவன் வால்வைத் திருப்புவான், ஒருவன் முள்ளைப் பார்ப்பான், ஒருத்தி எழுதுவாள், இருவர் கைபேசியைப் பார்ப்பார்கள். நான்கு வருஷப் படிப்பில் ஒரு கம்பியைக்கூடத் தன் கையால் முறிக்காமல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கிப் போகலாம், போகிறார்கள். ஓர் அடி நீளக் கம்பி என்ன எடை இருக்கும்? கால் கிலோவுக்குச் சற்று மேல். ஆளுக்கு ஒரு கம்பி கொடுத்தால் எந்தக் கல்லூரியும் திவாலாகாது. இயந்திரத்துக்கு லட்சங்கள் கொடுத்தவர்கள் கம்பிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.

‘இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, மெய்நிகர் ஆய்வகம் இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். நல்ல விஷயம். கொரோனா காலத்தில் அது இல்லாவிட்டால் மாணவர்கள் சோதனையின் பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார்கள். சோதனைக்கு முந்தின நாள் பார்த்துவிட்டு வர அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அங்கே வாஷர் தேயாது, கயிறு கருகாது, தெருவில் லாரி போனால் சாயம் கலையாது. புரோகிராம் எழுதியவருக்குத் தெரிந்த தவறு மட்டுமே அதற்குள் நடக்கும். இன்ஜினியர் சம்பளம் வாங்குவது, யாரும் எதிர்பார்க்காத தவறைக் கண்டுபிடிப்பதற்கு.

புது இயந்திரங்களுக்கு நான் எதிரியில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008-இல் மாணவர்களுக்கென்றே புத்தாக்க மையம் ஒன்று வந்தது. மதிப்பெண்ணுக்காக யாரும் அங்கே போவதில்லை. நினைத்ததைச் செய்து, உடைத்து, மறுபடி செய்யப் போகிறார்கள். அதே வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒட்டுப்போடாமல் முழுத்துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த இன்ஜினோடு 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டைப் பறக்கவிட்டது. ராக்கெட் தரையை விட்டு எழும் முன்னால் இன்ஜின் தரையிலேயே எரிந்து காட்ட வேண்டும், அதை ஒருவர் அளக்க வேண்டும். என் ஃபிட்டிங் ஆசிரியரின் மூலைமட்டம் அங்கே வேறு உருவத்தில் இருக்கிறது.

பழையதையும் விட வேண்டாம். வார்ப்புப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளை ஒருநாள் சுவாமிமலைக்கு அழைத்துப் போங்கள். மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். விமான இன்ஜினின் டர்பைன் இறக்கைகளை வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான். பாடப்புத்தகத்தில் அதற்கு வேறு பெயர் இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரிவதில்லை.

முடிக்கும் முன் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. கல்லூரி பார்க்கப் போகிறீர்கள். பிளேஸ்மென்ட் எவ்வளவு, பஸ் வருமா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். கூடவே, ‘மெஷின் ஷாப்பை ஒரு தடவை பார்க்கலாமா’ என்றும் கேளுங்கள். உங்களுக்கு லேத் தெரிய வேண்டியதில்லை, நான்கு இடம் பார்த்தால் போதும்.

லேத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரும்புச் சுருள் கிடக்கிறதா? கிடந்தால் நல்லது, சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு கைப்பிடியைப் பாருங்கள். பெயின்ட் தேய்ந்து உலோகம் வெளுத்திருக்கிறதா? யூ.டி.எம். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய முறிந்த கம்பிகள் கிடக்கின்றனவா? கடைசியாக, மேசைமேல் இருக்கும் ஏதாவது ஒரு ரெக்கார்டு நோட்டைப் புரட்டுங்கள். அடித்தல் திருத்தல் இருக்கிறதா? ‘இந்த விடை வரவில்லை, காரணம் இது’ என்று எங்காவது ஒரு பிள்ளை எழுதியிருக்கிறதா? அதன் கீழே ஆசிரியரின் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால், கட்டடம் பழசாக இருந்தாலும், அங்கே சேருங்கள்.

மாணவர்களுக்கு: அடுத்த தடவை உங்களுக்குத் தப்பான விடை வந்தால் சீனியர் நோட்டைத் தேடாதீர்கள். தொட்டியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்: ஆயுத பூஜை கொண்டாடுங்கள். சக்குக்குச் சந்தனம் வையுங்கள், குங்குமம் வையுங்கள், பொரி கடலை கொடுங்கள், எனக்கும் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். பூஜைக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ, லீவு முடிந்து முதல் வகுப்பு வருகிற காலையில், முதல் பையன் சுவிட்சைப் போடட்டும். பொட்டு தெறித்து அவன் சட்டையில் படட்டும். வீட்டில் அம்மா கேட்டால், லேத் ஓடியது என்று சொல்லட்டும்.